வாடகையைக் கொடுப்பவர் யார்?

அமெரிக்காவில் குடியேறி வாழும் நம்மவர்களுள் சிலர், தாம் குடியிருக்கும் வீட்டைத் தவிர, வாடகைக்கு விடுவதற்கென்றே இன்னொரு வீட்டையும் வாங்கி வைத்துள்ளனர். அங்குள்ள வீட்டு உரிமையாளர்களிடையே ஒரு பேச்சு வழங்குவதுண்டு: "சாதாரணக் குடித்தனக்காரருக்கு விடாதீர்கள். கட்டில், மேசை, பாத்திரம் எல்லாம் போட்டு வைத்து, இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் குடும்பத்துக்கு விடுங்கள். கேட்ட வாடகை கிடைக்கும். கொடுப்பது கம்பெனிதானே!"

கடைசியில் வரும் அந்தச் சொற்களே இம்மாதம் நமது சிந்தனைக்குரியவை. வீட்டை இழந்து நிற்கும் ஒரு குடும்பத்துக்குத் தங்க இடம் கொடுப்பது நற்செயல். அதனால் நியாயமான வருவாய் கிடைக்குமெனில் அதில் குறை கூற ஏதுமில்லை. ஆயினும், 'கொடுப்பது கம்பெனிதானே' என்ற எண்ணம் உள்ளத்தில் நுழைந்துவிட்டால், அந்த நற்செயலே இன்னொருவருடைய பொருளைப் பறிக்கும் செயலாக மாறிவிடக்கூடும். எவ்வாறு என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

பாலிசியின் நான்காம் பகுதி

அமெரிக்காவில் கடன் வாங்கி வீடு வாங்குவோர் வீட்டுக் காப்பீடு எடுத்தாக வேண்டும். கடன் கொடுக்கும் நிறுவனங்கள் அதனை ஒரு நிபந்தனையாகவே வைக்கின்றன. காப்பீடு குறித்து மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்துகளுக்குள் நாம் இங்கே புகவில்லை. வீட்டை வாடகைக்கு விடுபவரின் கடமை ஒன்றே இங்கு நமது பேச்சு.

அந்நாட்டின் வழக்கமான வீட்டுக் காப்பீட்டுப் பாலிசியில் சொத்தைப் பொறுத்தவரை நான்கு பகுதிகள் உண்டு. முதலாவது, வீட்டுக் கட்டடத்துக்கு உரியது. இரண்டாவது, தனியாக நிற்கும் கார் கொட்டகை, வேலி போன்றவற்றுக்கு. மூன்றாவது, வீட்டிலுள்ள பொருள்களுக்கு. நான்காவது, வீட்டைப் பயன்படுத்த முடியாமற்போவதால் ஏற்படும் இழப்புக்கு. தீப்பற்றியோ, தண்ணீர்க் குழாய் வெடித்தோ, மரம் சாய்ந்து கூரை பிளந்தோ ஒரு வீடு குடியிருக்கத் தகாததாகிவிட்டால், அது சீராகும் வரை அக்குடும்பம் வேறிடத்தில் தங்குவதற்கான கூடுதல் செலவை இந்த நான்காம் பகுதி ஏற்றுக்கொள்கிறது.

'கூடுதல்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மாதம் 800 டாலரில் உணவுச் செலவை முடித்துக் கொண்டிருந்த குடும்பத்துக்கு, சமையலறை இல்லாத காரணத்தால் 1,400 டாலர் செலவாகிறதென்றால், காப்பீடு தருவது 600 டாலர் மட்டுமே. சொந்த வீட்டை இழந்தவர் வீட்டுக் கடன் தவணையைத் தொடர்ந்து கட்டிக்கொண்டேயிருக்க வேண்டியவராதலின், அவருக்குப் புதிய வாடகை முழுவதும் கூடுதல் செலவாகிறது. வாடகை வீட்டில் இருந்தவரோ பழைய வாடகையைக் கட்ட வேண்டியிராதபோது, இரண்டு வாடகைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டுமே பெறுவார்.

எல்லா ஆபத்துகளுக்கும் இப்பாதுகாப்பு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வெள்ளம் வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் அடங்காது. அதற்கென மத்திய அரசு நடத்தும் வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் கட்டடத்துக்கும் பொருள்களுக்கும் ஈடு தருமே தவிர, வேறிடத்தில் தங்கும் செலவைத் தராது.

வீடு தேடி வருவோர்

வீடு எரிந்த முதல் சில நாள்கள் குடும்பம் ஓட்டலில் தங்குகிறது. பழுது பார்க்க மாதக் கணக்காகும் என்று தெரிந்ததும், காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பு மதிப்பீட்டாளர் வாடகை வீட்டுக்கு அனுமதியளிக்கிறார். வீடு பார்த்துக் கொடுப்பதற்கென்றே அங்குத் தனி நிறுவனங்கள் இருக்கின்றன. அவை வீட்டு உரிமையாளரை அழைத்து, இத்தனை பேர், இத்தனை படுக்கையறை, இன்ன பள்ளிக்கு அருகில், இத்தனை மாதத்துக்கு என்று விவரம் கூறுகின்றன. குடும்பத்தின் வழக்கமான வாழ்க்கைத் தரம் குன்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பாலிசியின் விதி. எனவே இழந்த வீட்டை ஒத்த வீட்டையே தேடுகின்றனர்.

தட்டுமுட்டுச் சாமான்களோடு கூடிய வீடு கிடைத்தால் வேலை எளிது. வெறும் வீடே கிடைத்தால், கட்டில், சோபா, சட்டி பானை, துண்டு, போர்வை வரை மாத வாடகைக்கு எடுத்து வீட்டை நிரப்புகின்றனர். வாடகைப் பணம் சில சமயம் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து நேரே வருகிறது. சில சமயம் வீடு பார்த்துக் கொடுத்த நிறுவனத்தின் வழியாக வருகிறது. சில சமயம் குடும்பமே கட்டிவிட்டு, ரசீது காட்டிப் பின்னர் பெற்றுக்கொள்கிறது.

மாதம் பிறந்ததும் பணம் வருகிறது. அனுப்பியவரின் பெயர் ஒரு பெரிய நிறுவனத்தின் பெயராக இருக்கிறது. இதனால்தான் அது 'கம்பெனிப் பணம்' என்ற மயக்கம் வீட்டுக்காரருக்கு ஏற்பட்டுவிடுகிறது.

கம்பெனிப் பணமா, குடும்பத்தின் பணமா?

நான்காம் பகுதிக்குப் பெரும்பாலான பாலிசிகளில் ஓர் உச்சவரம்பு உண்டு. கட்டடத்தின் காப்பீட்டுத் தொகையில் 20 அல்லது 30 விழுக்காடு என்று அதனை வரையறுப்பது வழக்கம். காலத்துக்கு மட்டும் வரம்பு வைக்கும் பாலிசிகளும் உள்ளன. பணத்துக்கு வரம்பு உள்ள பாலிசியில் என்ன நேர்கிறது என்பதை ஒரு கணக்கால் விளக்குவோம்.

ஒரு வீடு 5,00,000 டாலருக்குக் காப்பீடு செய்யப்பட்டிருக்கிறது; நான்காம் பகுதியின் வரம்பு 20 விழுக்காடு என்று கொள்வோம். அக்குடும்பம் வேறிடத்தில் தங்குவதற்குள்ள மொத்தத் தொகை 1,00,000 டாலர். மாத வாடகை 4,000 டாலர் என்றால் அத்தொகை 25 மாதங்களுக்கு வரும். அதே வீட்டுக்கு வீட்டுக்காரர் 7,000 டாலர் கேட்டு வாங்கினால், 14 மாதங்கள் முடிந்ததும் மிஞ்சுவது 2,000 டாலரே. முதல் நாள்களின் ஓட்டல் செலவு, மிச்சப் பொருள்களைக் கிடங்கில் வைக்கும் செலவு, தூரத்துப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிடும் பெட்ரோல் செலவு ஆகியனவும் இதே தொகையிலிருந்துதான் கழியும் என்பதால், உண்மையில் மாதங்கள் இன்னும் குறையும்.

ஊரே எரிந்த பின் ஒரு வீட்டைக் கட்டி முடிக்க இரண்டாண்டுகள் ஆவது அரிதன்று. குப்பை அகற்ற வேண்டும். அனுமதி பெற வேண்டும். கட்டுநர் கிடைக்க வேண்டும். 15-ஆம் மாதம் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? கட்டி முடியாத வீட்டுக்குக் கடன் தவணை ஒரு பக்கம். கைப்பணத்திலிருந்து வாடகை மறு பக்கம். வீட்டுக்காரர் 'கம்பெனியிடம்' வாங்கியதாக எண்ணிய கூடுதல் 3,000 டாலர், அக்குடும்பத்தின் பிற்கால மாதங்களிலிருந்து எடுக்கப்பட்டதே. நிறுவனம் தன் வரம்பைத் தாண்டி ஒரு டாலரும் கொடுக்கவில்லை.

கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் இதனை இன்னும் தெளிவாக்குகிறது. அவசர நிலை பிறப்பிக்கப்பட்ட பேரிடரில் வீட்டை இழந்தவருக்கு இந்தச் செலவைக் குறைந்தது 24 மாதங்கள் வரை வழங்க வேண்டும். அவர் கையில் இல்லாத காரணங்களால் கட்டட வேலை தாமதமானால் மேலும் 12 மாதங்கள் வரை நீட்டிக்க வேண்டும் என்று அச்சட்டம் விதிக்கிறது. ஆனால், இவ்வாறு காலத்தை நீட்டிப்பதால் பாலிசியின் பண வரம்பு உயராது என்றும் அதே சட்டம் கூறுகிறது. காலத்தைச் சட்டம் கொடுக்கிறது. அக்காலம் முழுவதற்கும் பணம் போதுமா என்பது பெருமளவுக்கு வாடகையைப் பொறுத்தது.

காலத்துக்கு மட்டும் வரம்புள்ள பாலிசி என்றால் கூடுதலாக வாங்கலாமா? அப்போது பாதிக்கப்படுவோர் வேறொருவர். காப்பீடே இல்லாமல் அதே தீயில் வீட்டை இழந்தவரும், எரிந்த வீட்டில் வாடகைக்கு இருந்த கூலித் தொழிலாளியும் அதே தெருவில்தான் வீடு தேடுகின்றனர். காப்பீட்டுப் பணம் ஏற்றிவிட்ட வாடகை அவர்களையும் வந்து தாக்குகிறது.

சட்டத்தின் எச்சரிக்கை

2025 ஜனவரி 7-ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் மூண்ட பெருந்தீயை வாசகர்கள் அறிந்திருப்பர். பாலிசேட்ஸ், ஈட்டன் என்று பெயரிடப்பட்ட இரு தீக்களிலும் சேர்த்து 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. ஆல்ட்டடீனா என்னும் ஊரில் மக்களின் வீடுகளோடு மஸ்ஜித் அத்தக்வா என்ற பள்ளிவாசலும் எரிந்துபோயிற்று. அதே தீயில், அருகிலுள்ள பாசடீனாவில் யூதர்களின் வழிபாட்டுத் தலமும், ஆல்ட்டடீனாவில் ஒரு கிறிஸ்தவ தேவாலயமும் எரிந்தன.

ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே வாரத்தில் வாடகை வீடு தேடி அலைந்தபோது, வாடகைகள் திடீரென ஏறின. அவசர நிலைக் காலத்தில் வாடகையைப் பழைய அளவினின்று 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துவது கலிஃபோர்னியாவின் தண்டனைச் சட்டம் 396-ஆம் பிரிவின்படி குற்றம். அதுவரை வாடகைக்கு விடப்படாதிருந்த வீடு என்றால், மத்திய அரசின் வீட்டு வசதித் துறை அப்பகுதிக்குக் கணித்துள்ள நியாய வாடகையில் 160 விழுக்காடே உச்சம். வெறும் வீடாக விடப்பட்டு வந்ததைச் சாமான்களோடு விட்டால் கூடுதலாக 5 விழுக்காடு வாங்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே இருந்த குடித்தனக்காரரை வெளியேற்றிவிட்டு, வேறொருவருக்கு அவ்வளவுக்கு மேல் வாடகைக்கு விடுவதும் குற்றமே. மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறையோ, 10,000 டாலர் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

நமது கேள்விக்கு நேரான விடையும் அப்பிரிவிலேயே இருக்கிறது. வாடகையைக் காப்பீட்டு நிறுவனமோ வேறு மூன்றாம் நபரோ கொடுக்க முன்வந்தார், அல்லது கொடுத்தார் என்பது தப்பிக்கும் வாதமாகாது என்று சட்டம் வெளிப்படையாக எழுதி வைத்துள்ளது. 'கொடுப்பது கம்பெனிதானே' என்று வீட்டுக்காரர்கள் கூறுவார்கள் என்பதைச் சட்டம் இயற்றியோர் முன்பே அறிந்திருந்தனர் போலும்! தீ மூண்ட அதே மாதத்திலேயே, ஈட்டன் தீயில் வீடிழந்த ஒரு குடும்பத்திடம் 38 விழுக்காடு வாடகையை உயர்த்திக் கேட்டதாக ஒரு வீட்டுத் தரகர் மீது அம்மாநிலத் தலைமை வழக்கறிஞர் குற்றஞ்சாட்டி வழக்குத் தொடுத்தார்.

ஹவாய் மாநிலத்தின் லஹைனா நகர் 2023 ஆகஸ்ட் 8-ஆம் நாள் எரிந்தபோது, வீடிழந்தோரைக் குடியமர்த்த மத்திய அரசின் பேரிடர் நிர்வாகம் மிக உயர்ந்த வாடகைக்கு வீடுகளை எடுத்தது. அந்த வாடகையை நாடிச் சில உரிமையாளர்கள் நெடுநாள் குடித்தனக்காரர்களை வெளியேற்றிய செய்திகள் வெளிவந்தன. தீயில் வீட்டை இழக்காதவரும் வாடகையால் வீட்டை இழந்தார்.

நியாயமான வாடகை எது?

கூடுதலாக ஒரு காசும் வாங்கக் கூடாது என்று நாம் கூறவில்லை. சாமான்களோடு வீட்டை விடுபவருக்கு உண்மையான செலவுகள் உண்டு. 9,000 டாலருக்கு வாங்கிய கட்டிலும் மேசையும் பாத்திரமும் ஐந்தாண்டு உழைக்கும் எனில், மாதத்துக்கு 150 டாலர் தேய்மானம். மின்சாரம், தண்ணீர், இணையம் ஆகியவற்றை வீட்டுக்காரரே கட்டுகிறாரெனில் அதனைச் சேர்க்கலாம். ஒரு குடும்பம் போய் இன்னொரு குடும்பம் வரும் வரை வீடு காலியாகக் கிடக்கும் நாள்களுக்கும் ஒரு பங்கு உண்டு. இவற்றையெல்லாம் சாதாரண நாளில் அந்தத் தெருவில் கிடைக்கும் வாடகையோடு கூட்டி, சட்டம் அனுமதிக்கும் வரம்புக்குள் நிற்பதே நேர்மை. வாடகையை யார் கொடுக்கிறார் என்று கேட்டறிந்த பின் கணக்கு மாறுமானால், அது கணக்கன்று, பேராசை.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

நேர்மையான வீட்டுக்காரரும் ஏமாந்துவிடக் கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் குடித்தனக்காரர் யார்? குடும்பமா, வீடு பார்த்துக் கொடுக்கும் நிறுவனமா? பணம் அனுப்புவது யார்? காப்பீட்டு வரம்பு முடிந்துவிட்டால் அதன் பின் வாடகைக்குப் பொறுப்பு யார்? கட்டட வேலை நீண்டால் எத்தனை நாள் முன்னறிவிப்போடு நீட்டிக்கலாம்? வேலை முன்னதாக முடிந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்போடு காலி செய்யலாம்? இவற்றை எழுத்தில் பெற வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிப் பின்னர்ச் சச்சரவிடுவது, வீடிழந்த குடும்பத்துக்கு இரண்டாவது துன்பமாக முடியும்.

முன்பணத்திலும் மாற்றம் வந்துள்ளது. கலிஃபோர்னியாவில் முன்பு சாமான்களோடு கூடிய வீட்டுக்கு மூன்று மாத வாடகை வரை முன்பணம் வாங்கலாம். 2024 ஜூலை 1 முதல், சாமான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு மாத வாடகையே உச்சம்; ஓரிரு வீடுகள் மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளருக்கு இரண்டு மாதம். வீட்டுக்காரர் தம் சொந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் வீடு வாடகைக்கு விடப்பட்டுள்ளதைத் தெரிவித்து, அதற்கேற்ற பாலிசியாக மாற்றிக்கொள்ள வேண்டும். சொந்தக் குடியிருப்புக்கான பாலிசியை வைத்துக்கொண்டு வாடகைக்கு விட்டால், நாளை அவ்வீட்டில் தீப்பிடிக்கும்போது ஈடு மறுக்கப்படலாம். சாமான்களைப் பட்டியலிட்டு, படம் எடுத்து, இரு தரப்பாரும் கையெழுத்திட்டு வைப்பதும் நன்று.

வரும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள்

வருவோர் சுற்றுலாப் பயணிகள் அல்லர். பிள்ளைகளின் பள்ளிப் புத்தகமும், மூதாட்டியின் மருந்துச் சீட்டும், பிறப்புச் சான்றிதழும், நிக்காஹ் பதிவேட்டின் நகலும் எரிந்துபோன நிலையில் வருகிறார்கள். அவர்களுக்கு விலையுயர்ந்த சோபாவைவிட, எழுத ஒரு மேசை, முதியவர் ஏறும் உயரத்தில் ஒரு கட்டில், துணி துவைக்கும் இயந்திரம், சமைக்கத் தகுந்த பாத்திரங்கள் ஆகியவையே பெரிது.

பாத்திரம் என்றதும் நம் குடும்பங்களுக்கு ஒரு கவலை உண்டு. வீடிழந்த முஸ்லிம் குடும்பம் சாமான்களோடு கூடிய வீட்டுக்குப் போகும்போது, அங்கு முன்பு பன்றியிறைச்சி சமைத்த பாத்திரமாக இருக்கலாமே என்று மனம் தயங்கும். சமையல் பாத்திரங்களை மட்டும் தனியே புதிதாகத் தரும்படி மதிப்பீட்டாளரிடம் முதல் நாளிலேயே எழுத்தில் கேட்பது நல்லது. கூச்சப்பட்டு மௌனமாயிருக்க வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவின் அவசர நிலைப் பேரிடரில் வீடு முற்றிலும் அழிந்தவர், குறைந்தது நான்கு மாதத் தங்குசெலவை முன்கூட்டியே கேட்டுப் பெறும் உரிமையும் உடையவர்.

மறுபுறம், வீட்டுக்காரர் முஸ்லிமாக இருந்து, வரும் குடும்பம் நாயோடு வருமானால்? வளர்ப்புப் பிராணி கூடாதென்றால் அதனை விளம்பரத்திலேயே தெரிவித்துவிட வேண்டும். ஓட்டலில் தவித்துக் கொண்டிருக்கும் குடும்பத்தை வரவழைத்து வாசலில் நின்று மறுக்கலாகாது. ஆனால், உடற்குறை உள்ளவருக்கு உதவும் நாயை வளர்ப்புப் பிராணி என்று காரணம் காட்டி மறுக்க அந்நாட்டுச் சட்டம் இடந்தராது. மதம், இனம் ஆகியவற்றைக் காட்டி வீடு மறுப்பதை 1968-ஆம் ஆண்டின் வீட்டு வசதிச் சட்டம் தடை செய்கிறது. குழந்தைகள் இருப்பதைக் காரணமாகக் கூறி மறுப்பதையும் 1988-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் தடுத்தது. பெயரைக் கேட்டதும் வீடு மறுக்கப்படும் வேதனையை அறிந்த நாம், நம் கையில் சாவி இருக்கும்போது அதனை நினைவிற்கொள்ள வேண்டாமா?

நம் நாட்டிலும்

இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் க்ருஹ ரக்ஷா' என்ற பொது அமைப்புள்ள வீட்டுப் பாலிசியை வழங்கி வருகின்றன. வீடு குடியிருக்கத் தகாததானால், மாற்றிடத்துக்கான வாடகையும் அதில் அடங்கும். வங்கிக் கடனோடு வீட்டுக் காப்பீட்டில் கையெழுத்திட்டவர்கள் அப்பத்திரத்தை எடுத்து, மாற்று வாடகை எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு என்று ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. வீட்டுப் பெண்களும் அப்பத்திரம் இருக்குமிடத்தை அறிந்திருக்க வேண்டும். அதன் நகல் ஒன்று வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான உறவினரிடம் இருக்கட்டும்.

அமெரிக்காவில் வீடு வாங்கி வாடகைக்கு விடும் பிள்ளைகளை உடைய பெற்றோர், அடுத்த முறை அவர்களோடு பேசும்போது இதனையும் எடுத்துரைப்பார்களாக. வீடிழந்த குடும்பம் கொடுக்கும் வாடகை, அக்குடும்பம் மீண்டும் தன் வீட்டுக்குத் திரும்பும் நாள் வரை நீடிக்க வேண்டிய பணம். நாம் ஒரு மாதம் அதிகமாக வாங்கினால், அவர்களுக்கு ஒரு மாதம் குறையும். ஆகவே அந்த வாடகையை அமானிதமாகக் கருதி, நியாயமான பங்கை மட்டும் பெற்றுக்கொண்டு, எஞ்சியதை அவர்களுக்கே விட்டுவைப்பது நம் கடமையாகும்.